ஒரு கரண்டித் தண்ணீர்

எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால் முதலில் ஆளனுப்புவது ஒருவருக்குத்தான். பெயர் வேண்டாம். ஊரே அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுகிறது, அவரைவிட வயதில் மூத்தவர்கள் உட்பட. மையித்தைக் குளிப்பாட்டிக் கபனிடுவது மட்டுமல்ல. அதற்கு முந்திய நாட்களும் அவருடைய கையில்தான். படுக்கையில் விழுந்தவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது, மலசலம் எடுப்பது, மறுக்கிற வாயில் கஞ்சியைப் புகட்டுவது என்று முப்பது வருடமாகச் செய்து வருகிறார். குருவிட்டச் சந்தியிலிருந்து மேலே ஏறும் தோட்டங்களின் லயக் காம்பராக்களிலும் அவரைத் தெரியும். அங்கே பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் கால் வீங்கிய கிழவிகளுக்கும் அவர் போய்ப் பார்த்திருக்கிறார். கூலி கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கினார், கொடுக்காவிட்டால் துஆச் செய்துவிட்டு வந்தார்.

அந்த ராத்தா இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பரீட்சைக்குப் போனார். நோயாளரையும் முதியோரையும் பராமரிப்பவர்களுக்கான தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், என்.வி.கியூ. மூன்றாம் நிலை. வகுப்புக்குப் போய்ப் படித்துத்தான் அதைப் பெறவேண்டும் என்றில்லை. ஏற்கனவே தொழில் தெரிந்தவர், தெரிந்ததைச் செய்து காட்டிப் பெறவும் வழியிருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். அந்த முறையில் சித்தி, அதிவிசேட சித்தி என்ற பாகுபாடு இல்லை. தேர்ச்சி உண்டு, அல்லது இன்னும் தேர்ச்சியில்லை. இரண்டே முடிவுகள். ராத்தாவுக்கு இரண்டாவது கிடைத்தது.

ஊர் கொதித்தது என்று சொன்னால் மிகையில்லை. பள்ளிவாசல் வாசலில் அஸர் தொழுகைக்குப் பிறகு நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். முப்பது வருடம் செய்தவருக்குத் தேர்ச்சியில்லையாம். நேற்று ஓ.எல். எழுதிய பிள்ளைக்குச் சான்றிதழாம். இரக்கத்துக்குமா பரீட்சை என்று ஒரு ஹாஜியார் கேட்டார். அந்தக் கேள்வி நன்றாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அன்றிரவு ராத்தாவே வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் தலையாட்டியது அவசரம் என்று பட்டது.

இரண்டு இடத்தில் அவர் தவறியிருந்தார். பரீட்சை எடுத்தவர் அனுபவப்பட்ட ஒரு மிஸி. அன்பான மனுஷி என்று ராத்தாவே சொன்னார். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த நோயாளி என்று வைத்து, கட்டிலில் புரட்டச் சொன்னார், உடுப்பு மாற்றச் சொன்னார். ராத்தா இயங்காத கையைத்தான் முதலில் சட்டைக்குள் விட்டார். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுத்தார். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, கை கண்டுபிடித்தது. மிஸி பாராட்டினார். அடுத்து, நோயாளி தண்ணீர் கேட்கிறார் என்றார். ராத்தா மல்லாந்து படுத்திருந்தவரின் தலையை இடது கையால் இலேசாகத் தூக்கி, பிஸ்மி சொல்லி, ஒரு கரண்டித் தண்ணீரை வாயில் விடப்போனார். மிஸி கையைப் பிடித்துவிட்டார். இது முதலாவது. இரண்டாவது, செய்ததையெல்லாம் பராமரிப்புப் படிவத்தில் எழுதச் சொன்னார்கள். படிவம் சிங்களத்தில் இருந்தது. ராத்தாவுக்குச் சிங்களம் கடைத்தெருவில் பேச வரும், எழுதவராது. தமிழிலேயே அவர் எழுதுவது மருமகனுக்குச் சாமான் துண்டு மட்டும்தான்.

ஊர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே அநியாயமாக்கிவிட்டது. எனக்கு இவை இரண்டும் வேறுவேறாகத் தெரிகின்றன. முதலாவதில் பரீட்சை சரி. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன்.

பாரிசவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசையும் பாதிக்கப்படுகிறது. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். அந்த மூடல் தாமதித்தால் தண்ணீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். நல்ல உடம்புக்குப் புரையேறும், இருமும், தப்பிவிடும். நோயாளியின் உடம்புக்குச் சிலவேளை இருமக்கூடத் தெரியாது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கிய தண்ணீர் இரண்டொரு நாளில் காய்ச்சலாக வெளியே வருகிறது, நியூமோனியாவாக முடிகிறது. கட்டியான கஞ்சியைவிட வெறும் தண்ணீர்தான் இதில் ஆபத்து, ஏனெனில் அது வேகமாக ஓடுகிறது. ஆகவே முதலில் விழுங்க முடியுமா என்று பார்க்கவேண்டும், நிமிர்த்தி உட்காரவைக்கவேண்டும், நாடியைச் சற்றே கீழே தாழ்த்தவேண்டும், ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் படுக்கவிடக் கூடாது. இவ்வளவும் ஒரு கரண்டித் தண்ணீருக்கு.

இதை ராத்தாவின் பயிற்சிக் கையேட்டிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் நிறுத்திவிட்டேன். என் உம்மா இரண்டு மாதம் அப்படித்தான் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பிறகு கொத்தமல்லித் தண்ணீரும் கஞ்சியும் புகட்டியது நான்தான். தலையணையில் சாய்த்துப் படுக்கவைத்து, தலையைக் கையால் தாங்கி, ஒவ்வொரு கரண்டிக்கும் பிஸ்மி சொல்லி. கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்தது. சளி கட்டிவிட்டது என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும், மகன் கையால் தண்ணீர் குடித்துப் போக எத்தனை தாய்க்குக் கிடைக்கும் என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை இத்தனை வருடம் நெஞ்சில் ஒரு பொக்கிஷம் போல வைத்திருந்தேன். அந்தக் காய்ச்சல் எதனால் வந்தது என்று இப்போது யாராலும் சொல்லமுடியாது. அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரண்டி இப்போது என் கையில் வேறு விதமாகக் கனக்கிறது.

ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சேர், நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றார். பிறகு, "அப்படிப் பார்த்தா நான் எத்தினை பேருக்குக் குடுத்திருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இரக்கம் வேறு, அறிவு வேறு என்ற பேதம் எப்போதும் இப்படி யாராவது ஒருவருடைய தொண்டைக்குள்தான் வெளிப்படுகிறது. நிய்யத் சுத்தமாக இருந்தால் செயல் தானே சீராகிவிடும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். நமது மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. வைத்தியம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்து அதனால் கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் நஸாயீயிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. பொறுப்பு என்பதற்கு அங்கே வரும் சொல் நட்டஈடு கட்டுவதற்கான சொல். அவருடைய நோக்கம் நல்லதா கெட்டதா என்று அது விசாரிக்கவில்லை. நோக்கத்துக்கான கணக்கு மறுமையில் வேறாக இருக்கிறது; கேட்டுக்கான கணக்கு இங்கேயே முடிக்கப்படவேண்டும்.

தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் பார்ப்பது உள்ளத்தைத்தான் என்று நாள்தோறும் கேட்கிறோம். அதற்காக வுளூ வேண்டாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. முகம் கழுவினாரா, முழங்கை நனைந்ததா, குதிகால் காய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கக்கூடியவை. மத்ரஸாவில் ஏழு வயதுப் பிள்ளையிடம் லெப்பை பரீட்சிக்கிறார். குஷூஉவைப் பரீட்சிக்க அவரால் முடியாது, முயல்வதுமில்லை. அளக்கமுடியாதது ஒன்று உள்ளே இருக்கிறது என்பது, அளக்கக்கூடியதை அளக்காமல் விடுவதற்குக் காரணமாகாது. பராமரிப்பும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரக்கத்துக்குப் பரீட்சை இல்லை. ஹாஜியார் சொன்னது சரி. ஆனால் பரீட்சை நடந்தது இரக்கத்துக்கல்ல.

பரீட்சை நமக்கு அந்நியமான சங்கதியுமல்ல. ஹிஜ்ரி 319 இல், அதாவது 931 இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் பிழையால் ஒரு நோயாளி இறந்துபோனார். செய்தி கலீபா அல்முக்ததிருக்குப் போனது. இனிமேல் பரீட்சையில் தேறாத எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. பரீட்சகராக நியமிக்கப்பட்டவர் தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித். எண்ணூற்றறுபதுக்கும் அதிகமானவர்கள் அவர் முன் வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். (பேர்பெற்றவர்களுக்கும் அரண்மனை வைத்தியர்களுக்கும் விலக்களிக்கப்பட்டது. அந்த வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.)

அவர்களில் ஒருவர் நல்ல உடுப்பும் கம்பீரமுமாக வந்த ஒரு முதியவர். ஸினான் அவரை மரியாதையாகப் பக்கத்தில் உட்காரவைத்தார். மற்றவர்களெல்லாம் போன பிறகு, உங்களிடமிருந்தும் ஏதாவது கேட்க விரும்புகிறேன், உங்கள் ஆசிரியர் யார் என்று விசாரித்தார். முதியவர் சட்டைக் கைக்குள்ளிருந்து பொற்காசுகளை எடுத்து முன்னால் வைத்தார். எனக்கு எழுத வாசிக்க ஒழுங்காகத் தெரியாது, ஒன்றும் படிக்கவில்லை, ஆனால் எனக்கொரு குடும்பம் இருக்கிறது, இதுதான் பிழைப்பு, அதை வெட்டிவிடாதீர்கள் என்றார். ஸினானுக்குச் சிரிப்பு வந்தது. தெரியாத நோயில் கைவைக்கக் கூடாது, இரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது, சாதாரண நோய்க்கானால் சரி என்று நிபந்தனை போட்டார். முதியவர், ஆயுள் முழுவதும் நான் காடியும் தேனும் கலந்த பானத்தையும் பன்னீர்ப் பாகையும் தாண்டியதில்லை என்றார். அடுத்த நாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய்? வாப்பாவிடம். யார் உன் வாப்பா? நேற்று உங்களிடம் வந்தாரே, அவர்தான். அவர் வழியில்தான் நீயுமா? ஆம். அப்படியானால் நீயும் அதைத் தாண்டாதே. அவனும் போனான்.

இந்தக் கதையை முதலில் வாசித்தபோது வெறும் வேடிக்கையாகத்தான் எடுத்தேன். ராத்தாவின் விஷயத்துக்குப் பிறகு வேறு மாதிரித் தெரிகிறது. ஸினான் அந்த முதியவரை அவமானப்படுத்தவில்லை, வெளியே தள்ளவில்லை, முழு அதிகாரத்தையும் கொடுக்கவுமில்லை. உனக்குத் தெரிந்த எல்லை இது, இதற்குள் நில் என்று ஒரு கோட்டைக் கீறினார். பரீட்சை என்ற காரியத்தின் நியாயமே அந்தக் கோடுதான் என்று நினைக்கிறேன். முதியவரும் தன் எல்லையை முன்பே அறிந்திருந்தார் என்பது கதையின் மற்றப் பாதி. தேன் பானத்தைத் தாண்டாதவரால் ஒருவரும் சாகவில்லை. ராத்தாவுக்கும் எனக்கும் ஒரு கரண்டித் தண்ணீர் தேன் பானத்தைப் போலச் சாதுவானது என்ற எண்ணம் இருந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்பதே தெரியாதபோது எல்லைக்குள் நிற்பது எப்படி?

இந்த இடத்தில் இந்த நாட்டின் முஸ்லிம்கள் எவருக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் இருக்காது. மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த ரிஸானா நபீக். 2005 மே மாதம் சவூதிக்குப் போனபோது அவருக்குப் பதினேழு வயது. கடவுச்சீட்டு மட்டும் அவர் 1982 இல் பிறந்தவர் என்று சொன்னது. போனது வீட்டுப் பணிப்பெண்ணாக. அந்த வீட்டில் நான்கு மாதக் குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுக்கும் வேலையும் அவருடைய தலையில் விழுந்தது. மே 22 ஆம் திகதி குழந்தை இறந்தது. பாலூட்டும்போது புரையேறியது என்றார் ரிஸானா. கொலை என்றது வழக்கு. முதலில் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அவர் பிறகு மறுத்தார். அந்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்திருந்ததா என்பதே கடைசிவரை கேள்வியாக இருந்தது. 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது.

அந்த நாட்களில் நம் பத்திரிகைகளில் கவிதையும் கண்ணீருமாக நிறைய எழுதினோம். ஷரீஅத் பற்றிய விவாதமும் நடந்தது. ஒரு கேள்வியை மட்டும் அதிகம் பேர் கேட்கவில்லை. கைக்குழந்தைக்குப் பாலூட்டத் தெரியுமா என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது ஒருவர், எந்த இடத்திலாவது, ஒரு தடவையாவது செய்து காட்டச் சொல்லிப் பார்த்தார்களா? குழந்தையை எந்தச் சாய்வில் பிடிப்பது, போத்தலை எப்போது எடுப்பது, புரையேறினால் குப்புறப் பிடித்து முதுகில் எப்படித் தட்டுவது என்று பதினைந்து நிமிடப் பாடம். வயதைப் பொய்யாக்கிய ஏஜென்ட் கேட்கவில்லை. அனுப்பிய நாடு கேட்கவில்லை. எடுத்த வீடு கேட்கவில்லை. தெரியாமல் செய்தவர் பொறுப்பாளி என்ற நபிமொழியின் கருத்தை மேலே சொன்னேன். அது தானாக முன்வந்து தன்னை வைத்தியர் என்று காட்டிக்கொண்டவரைப் பற்றியது. தெரியாதவரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்தியவர்களின் பொறுப்பு எவ்வளவு? வறுமையால் "தெரியாது" என்ற சொல்லைச் சொல்லமுடியாமல் போன ஒரு பிள்ளைமீது முழுப் பொறுப்பையும் இறக்கிவைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

பரீட்சை நோயாளியை மட்டும் காப்பதில்லை, பராமரிக்கிறவரையும் காக்கிறது. ரிஸானா கையில் ஒரு சான்றிதழ் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "இன்னும் தேர்ச்சியில்லை" என்று யாராவது ஒருவர் அன்றைக்கு ஒரு தாளில் எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய இரக்கம் வேறு இருந்திருக்காது.

இவ்வளவும் சொன்னதால் சான்றிதழ் உள்ளவர்களிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். 2020 ஐ நாம் மறக்கவில்லை. கொரோனாவில் மௌத்தான நம்மவர்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொன்னவர்கள் படிப்பில்லாதவர்களல்ல, நிபுணர் குழு. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருக்கத்தக்கதாகவே அது நடந்தது. 2021 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. அதற்குப் பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த மாதங்களில் ராத்தா எத்தனையோ இரவு தூங்கவில்லை என்று அவருடைய மகள் சொல்லியிருக்கிறாள். கழுவத் தெரிந்த கைகள் சும்மா இருந்தன. கழுவப்படாமலே உடல்கள் போயின. அறிவில்லாத இரக்கம் ஒரு தொண்டையை அடைக்கிறது. இரக்கமில்லாத அறிவு ஒரு சமூகத்தின் தொண்டையையே அடைத்துவிடும். இரண்டாவதுக்குப் பரீட்சை வைக்கும் இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் நடந்த அலட்சியங்களும் கொடுமைகளும் வெளிவந்த பிறகு 1987 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உதவித் தாதியர் குறைந்தது 75 மணித்தியாலம் பயிற்சி பெறவேண்டும், பிறகு பரீட்சை. செய்முறைப் பரீட்சையில் பார்க்கப்படுபவற்றை வாசித்தபோது ஆச்சரியப்பட்டேன். கை கழுவுவது தவறாமல் உண்டு. என்ன செய்யப்போகிறேன் என்று நோயாளியிடம் முகம் பார்த்துச் சொன்னாரா, உடம்பு துடைக்குமுன் திரையை இழுத்தாரா, தண்ணீரின் சூடு சரிதானா என்று கேட்டாரா, போகும்போது அழைப்பு மணியைக் கையெட்டும் இடத்தில் வைத்தாரா. அவ்ரத்தை மறைப்பது பற்றி நாம் மணிக்கணக்கில் பயான் செய்கிறோம். ஒரு திரையை இழுப்பதற்குப் புள்ளி கொடுக்கும் யோசனை அவர்களுக்கு வந்திருக்கிறது. அதே சட்டத்தின் கீழ் அறிவுப் பரீட்சையை எழுதலாம், அல்லது வாயால் சொல்லலாம், தெரிவு பரீட்சார்த்தியுடையது. எழுத்து வராத ஒருவருக்குப் பராமரிக்கத் தெரிந்திருக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

ஜப்பானில் வேறு கதை. 2008 இலிருந்து இந்தோனேசியாவின் பிள்ளைகள், அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், தாதியராகவும் பராமரிப்பாளராகவும் அங்கே போனார்கள். தேசியப் பரீட்சை ஜப்பானிய மொழியில். நோயாளியைத் தூக்கத் தெரிந்தவர்கள் சித்திர எழுத்தில் தோற்றார்கள். பிறகு எழுத்துகளுக்கு மேலே உச்சரிப்பை அச்சிட்டுக் கொடுத்தார்கள், நேரத்தையும் கூட்டினார்கள். பரீட்சையின் தரம் இதனால் இறங்கவில்லை. தேவையில்லாத ஒரு சுவரை மட்டும் எடுத்தார்கள்.

இங்கே தமிழும் அரசகரும மொழி என்று 1987 இன் 13 ஆவது திருத்தம் சொல்கிறது. ஆகவே ராத்தாவிடம் சிங்களப் படிவத்தைக் கொடுத்தது அநியாயம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நான் போய்விடலாம். அது பாதி உண்மை. எழுதத் தெரியாத பெண்ணுக்கு எழுத்தால் பரீட்சை வைப்பது பிழையான பொருளை அளப்பது. கடையில் துணியைத் தராசில் நிறுப்பது போல. வாயால் சொல்ல விட்டிருந்தால் அவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருப்பார். ஆனால் இரவு ஏழு மணிக்கு ராத்தா வேலை முடிந்து போன பிறகு வரும் மற்றப் பெண்ணுக்கு, இன்று இந்த நோயாளிக்கு விழுங்கக் கஷ்டமாக இருந்தது என்ற செய்தி போய்ச்சேர வேண்டும். சப்ரகமுவையில் அந்த மற்றப் பெண் பெரும்பாலும் சிங்களப் பெண்ணாகத்தான் இருப்பாள். படிவம் வெறும் காகிதமல்ல. அது அடுத்த கரண்டித் தண்ணீரை யாரோ ஒருவர் எப்படிக் கொடுப்பார் என்பதைத் தீர்மானிக்கிறது. உரிமை ஒன்றைச் சொல்கிறது, நோயாளியின் நுரையீரல் இன்னொன்றைச் சொல்கிறது. இரண்டையும் என்னால் ஒதுக்கமுடியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவு. இரண்டாம் மொழிச் சிங்களம் நமது தமிழ்மொழிப் பாடசாலைகளில் எப்படி நடக்கிறது என்று என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பாடவேளை பெரும்பாலும் கணிதத்துக்குக் கடன் கொடுக்கப்படும். நானும் கடன் வாங்கியிருக்கிறேன். ராத்தா என்னிடம் படித்தவரல்ல. ஆனால் அவருடைய மகள் படித்தவள்.

இன்னொரு கேள்வி பள்ளிவாசல் வாசலில் மெதுவாகக் கேட்டது. இவ்வளவு நாளும் அல்லாஹ்வுக்காகச் செய்தவர் இப்போது ஏன் காசுக்குப் போகிறார்? சான்றிதழ் கிடைத்தால் இரத்தினபுரியிலோ கொழும்பிலோ முதியோரைப் பார்க்கும் வேலையில் மாதச் சம்பளம் கிடைக்கும். அதற்காகத்தான் அவர் போனார், மறைக்கவுமில்லை. இந்தக் கேள்வியில் எனக்குக் கோபம்தான் வருகிறது. இமாமுக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அவருடைய இக்லாஸை நாம் சந்தேகிப்பதில்லை. எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. என்னை உஸ்தாத் என்று மரியாதை செய்கிறார்கள். மலம் அள்ளும் பெண் கூலி கேட்டால் மட்டும் நிய்யத்தைத் தோண்டிப் பார்க்கிறோம். முப்பது வருடம் அவருக்கு நாம் கொடுத்தது புகழ்ச்சி. மையித்தைக் குளிப்பாட்டுவது பர்ளு கிபாயா. ஒருவர் செய்தால் மற்றவர்கள் மீதுள்ள கடமை நீங்கிவிடும் என்று பாடம் சொல்கிறோம். நீங்கிய கடமையின் பாரத்தை எல்லா முறையும் ஒரே தோள் சுமந்தது என்பதைப் பாடத்தில் சேர்ப்பதில்லை.

அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ருபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள். அந்தக் கூடாரம் மஸ்ஜிதுன் நபவியில் இருந்தது. முதலாவது முஸ்லிம் தாதி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவருடைய கைத்திறனை நம்பி, தமக்கு மிகவும் வேண்டிய ஒருவரை அங்கே ஒப்படைத்தார்களே, அதைவிடச் சான்றிதழ் எது? பள்ளிவாசலுக்குள்ளேயே அதற்கு இடமும் கொடுத்தார்கள். நமது பள்ளிவாசலில் மையித்துக் கட்டிலுக்கு இடமிருக்கிறது. உயிரோடு படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்த இடம் கேட்டபோது நிர்வாகம் கூடி யோசிக்கிறோம் என்றது. இன்னும் யோசிக்கிறார்கள்.

யோசிக்க நேரம் குறைந்துகொண்டு வருகிறது. 2012 குடிசன மதிப்பில் இந்த நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம்; அதற்குப் பிறகு கூடிக்கொண்டேதான் போகிறது. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. பெற்றோரைச் சீ என்றும் சொல்லாதே என்று அதற்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். காசு அனுப்புகிறார்கள். சீ என்று சொல்வதற்குக்கூட வீட்டில் ஆளில்லை. மேலே தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1912 இலேயே சட்டம் போட்டார்கள். இன்று லயத்தில் விழுந்து கிடக்கும் கிழவியைக் கீழே கொண்டுவர முச்சக்கரவண்டிக்காரர் மழையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். அந்தக் கிழவிக்கு யார் தண்ணீர் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்க ஒரு படிவமும் இல்லை.

ராத்தா மறுபடியும் பரீட்சைக்குப் போகப்போகிறார். வெள்ளிக்கிழமைகளில் மகளோடு வந்து என் வீட்டு விறாந்தையில் உட்காருகிறார். மகளும் விண்ணப்பித்திருக்கிறாள். சிங்கள எழுத்துகளை மகள் எழுதிக் காட்ட, அதன் பக்கத்தில் ராத்தா தமிழில் எழுதிக்கொள்கிறார். வம, இடது. தகுண, வலது. கிலினவா, விழுங்குதல். கடைசிச் சொல்லில் மட்டும் அவர் நின்றுவிடுகிறார். கையேட்டில் பார்க்காமல் எழுதும்படி சொன்னால் மற்றதெல்லாம் பிழைக்கும், அது பிழைப்பதில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மூத்தம்மாவுக்குக் கடைசி நேரம் நெருங்கிவிட்டது என்று ஆளனுப்பினார்கள். ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலோடு மகன்மார் சுற்றி நின்றார்கள். ராத்தா போத்தலை வாங்கி ஓரமாக வைத்தார். ஒரு சுத்தமான பஞ்சை ஸம்ஸமில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, மூத்தம்மாவின் உதட்டையும் நாக்கின் நுனியையும் தடவினார். கரண்டி எங்கே என்று மூத்த மகன் கேட்டார். "கொஞ்சம் பொறுங்க தம்பி, முழுங்க ஏலுமான்னு பாப்பம்" என்றார் ராத்தா. மகனுக்கு அது பிடிக்கவில்லை. வாப்பாவுக்குக் கொடுத்தோமே என்று முணுமுணுத்தார். ராத்தா பதில் சொல்லவில்லை. இன்னொரு பஞ்சை நனைத்தார்.